கல்மரத்தைவிட மூத்த எதிர்ப்பு

(பாக்டீரியாவின் செல்சுவரும் அதைத் தாக்கும் மருந்துகளும் பற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆலத்தூர் வட்டம் சாத்தனூரில் கிடக்கும் கல்மரத்தைப் பற்றிக் கேள்விப்படாத பள்ளிப் பிள்ளைகள் பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டங்களிலும் குறைவு. நீளம் ஏறத்தாழ 18 மீட்டர். வயது சுமார் 12 கோடி ஆண்டு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் அதை உலகுக்கு அறிவித்தார். அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கிடைக்கும் அம்மோனைட் படிமங்களும் கிட்டத்தட்ட அந்த யுகத்தவைதான். இந்த மண்ணைக் கடல் மூடியிருந்த காலத்தின் மிச்சங்கள். இன்று மருத்துவமனைகளைத் திணறடிக்கும் ஒரு பொருள் இவை எல்லாவற்றையும்விட மூத்தது. பென்சிலினை உடைத்துப்போடும் பீட்டா லாக்டமேஸ் நொதிகளின் குடும்பம் 200 கோடி ஆண்டுகளுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும் என்று மரபணுக்களை ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள் கணிக்கிறார்கள்.

மருந்துக்கு மசியாத பாக்டீரியாவை நவீன மருத்துவம்தான் உண்டாக்கியது என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. எதிர்க்கும் திறன் மண்ணில் எப்போதும் இருந்தது. மண்ணிலிருந்த அதை மருத்துவமனைக் கட்டில் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தது நம் மருந்துப் பழக்கம். எந்தப் புது மருந்து வந்தாலும் அதற்கான எதிர்ப்பு எங்கோ ஒரு மூலையில் ஏற்கெனவே இருக்கலாம் என்றால், நம் ஊர் பாக்டீரியாவிடம் இன்று எந்த எதிர்ப்பு இருக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. இந்தச் சொற்பொழிவு முன்வைக்கும் கருத்து அது ஒன்றே.

சுவர் எதற்கு?

மனித உடலின் செல்களுக்குச் சவ்வு உண்டு, சுவர் கிடையாது. மைக்கோபிளாஸ்மா போன்ற சிலவற்றைத் தவிர, பாக்டீரியாக்களுக்குச் சவ்வுக்கு வெளியே ஒரு சுவர் கட்டாயம் வேண்டும். உப்பும் சர்க்கரையும் புரதமும் உள்ளே செறிந்திருப்பதால் வெளியிலுள்ள நீர் ஓயாமல் உள்ளே புகப் பார்க்கும். புண்ணில் சீழ் பிடிக்க வைக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் போன்றவற்றுக்குள் அழுத்தம் சுமார் 20 வளிமண்டல அளவு இருக்கிறது. சைக்கிள் டியூப்பில் எவ்வளவு காற்றடித்தாலும் அதை வெடிக்காமல் பிடித்துவைப்பது மேலே இருக்கும் டயர். பாக்டீரியாவின் சவ்வுக்கு அதன் சுவர் அப்படி.

அந்தச் சுவரின் பெயர் பெப்டிடோகிளைக்கான். இரண்டு வகைச் சர்க்கரைகள் மாறி மாறிக் கோத்த நீண்ட சரங்கள். ஒவ்வொரு சரத்திலிருந்தும் தொங்கும் சிறு புரத வால்கள். ஒரு சரத்தின் வால் பக்கத்துச் சரத்தின் வாலோடு பிணைக்கப்படும்போதுதான் சுவருக்கு வலு வருகிறது. பிணைப்பதற்கு முன் அந்த வாலின் நுனியில் டி-அலனின் என்ற அமினோ அமிலம் இரண்டு அடுத்தடுத்து நிற்கும். நம் உடல் தன் புரதங்களைக் கட்டுவது எல்-வடிவ அமினோ அமிலங்களால். டி-வடிவம் அதன் கண்ணாடிப் பிம்பம். டிரான்ஸ்பெப்டிடேஸ் என்னும் நொதி நுனியிலுள்ள டி-அலனினைக் கழற்றிவிட்டு, மீதி வாலை அடுத்த சரத்தோடு பிணைக்கிறது. பாக்டீரியா வளரும் நேரமெல்லாம் இந்த வேலை நடந்துகொண்டே இருக்கும்.

எல்லாச் சுவரும் ஒன்றல்ல. 1884இல் பெர்லினில் டென்மார்க் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் ஒரு சாயமேற்றும் முறையைக் கண்டார். தடித்த சுவருள்ளவை ஊதாவாகவே நின்றன. மெல்லிய சுவருள்ளவை ஊதாவை இழந்தன. முதல் வகையை கிராம் பாசிட்டிவ் என்றும், இரண்டாவதை கிராம் நெகட்டிவ் என்றும் ஆய்வகங்கள் இன்றுவரை அழைக்கின்றன. இரண்டாவது வகைக்குச் சுவர் மெல்லியது என்றாலும் அதற்கு வெளியே இன்னொரு சவ்வு உண்டு. நீர்க்கடுப்புக்குப் பெரும்பாலும் காரணமான ஈ. கோலை, ஆஸ்பத்திரித் தொற்றுகளில் அடிக்கடி வரும் கிளெப்சியெல்லா இரண்டும் இந்த வகை. இன்று மருத்துவர்களை அதிகம் கவலைப்பட வைப்பவையும் இவையே.

பென்சிலின் செய்யும் வேலை

1928இல் லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பூஞ்சையிலிருந்து கண்ட பென்சிலினை, 1940இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்ட் ஃபுளோரியும் எர்ன்ஸ்ட் செயினும் அவர்களது குழுவும் நோய்த்தொற்று ஏற்றிய எலிகளுக்குக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். அது எப்படிக் கொல்கிறது என்பது விளங்க மேலும் 25 ஆண்டு ஆனது. 1965இல் டிப்பர், ஸ்ட்ரோமிஞ்சர் என்னும் ஆய்வாளர்கள் தந்த விளக்கம் இது: பென்சிலினின் வடிவம், சுவர் வாலின் நுனியிலுள்ள இரட்டை டி-அலனினை ஒத்திருக்கிறது. பிணைக்கும் நொதி ஏமாந்து மருந்தைப் பற்றுகிறது. மருந்தின் நடுவே இருக்கும் நான்கு அணு வளையம் (பீட்டா லாக்டம்) திறந்து நொதியோடு ஒட்டிக்கொள்கிறது. அதோடு அந்த நொதி முடங்கிவிடுகிறது.

சுவரை மருந்து நேரடியாக உடைப்பதில்லை. வளரும் பாக்டீரியா தன் சுவரை அங்கங்கே தானே வெட்டி, புதுச் சரங்களை நுழைத்து, மறுபடி பிணைத்துக்கொள்ளும். மருந்து வந்ததும் வெட்டுவது தொடர்கிறது, பிணைப்பது நின்றுபோகிறது. நுண்ணோக்கியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். கோல் வடிவ ஈ. கோலை பிரிய முடியாமல் நீண்டுகொண்டே போகிறது. நடுவில் ஓரிடம் கொப்புளமாகப் புடைக்கிறது. சட்டென்று உடைந்து, இருந்த இடத்தில் மங்கலான தோல் மட்டும் மிஞ்சுகிறது. வளராமல் உறங்கும் பாக்டீரியா இந்த மருந்துகளுக்குத் தப்புவதும் இதனால்தான்.

மருந்துக்கடையில் கேட்கும் பெயர்கள் பல. அமாக்ஸிசிலின் கேப்ஸ்யூல், செஃபிக்ஸிம் மாத்திரை, செஃப்ட்ரையாக்ஸோன் ஊசி, ஐ.சி.யு.வில் ஏற்றும் மெரோபெனம் எல்லாம் இந்த ஒரே வேலையைச் செய்பவை. ‘மாத்திரையில் கேட்கவில்லை, பவர் கூடின ஊசி போடுங்கள்’ என்று கேட்பவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது, அதே நொதியைக் குறிவைக்கும் இன்னொரு மருந்து. பாக்டீரியாவின் எதிர்ப்பு எந்த வகை என்று தெரியாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் நோயாளிக்கு நாட்கள் வீணாகலாம்.

வான்கோமைசின் வேறு வழியில் போகிறது. நொதியை விட்டுவிட்டு, சுவர் வாலின் நுனியிலுள்ள இரட்டை டி-அலனினையே அது கவ்விக்கொள்கிறது. போர்னியோ தீவின் மண்ணிலிருந்து எடுத்த பாக்டீரியாவில் 1950களில் கிடைத்த மருந்து இது. உருவில் பெரியது என்பதால் கிராம் நெகட்டிவ்களின் வெளிச்சவ்வைத் தாண்ட அதனால் முடியாது.

எதிர்ப்பின் நான்கு வழிகள்

முதல் வழி, மருந்தையே உடைப்பது. அதே ஆக்ஸ்ஃபோர்டுக் குழுவின் எட்வர்ட் ஆபிரகாமும் செயினும் ஈ. கோலையில் பென்சிலினை அழிக்கும் நொதியைக் கண்டு 1940 டிசம்பரில் அறிவித்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் பென்சிலின் சிகிச்சை பெற்ற முதல் நோயாளிக்கு மருந்து ஏறியது 1941 பிப்ரவரியில். மருந்து கட்டிலுக்கு வருவதற்கு முன்பே அதை உடைக்கும் பொருள் வந்துவிட்டது. வளையத்தில் ஒரு பிணைப்பை நீரால் முறித்துவிட்டால் போதும், மருந்து வெறும் குப்பை. அதுதான் பீட்டா லாக்டமேஸ்.

இரண்டாவது, தாக்கப்படும் இடத்தை மாற்றுவது. பீட்டா லாக்டமேஸுக்கு மசியாத மெதிசிலின் 1959இல் வந்தது. 1961இல் பிரிட்டனில் அதற்கும் மசியாத ஸ்டஃபிலோகாக்கஸ் பதிவானது. அது மருந்தை உடைக்கவில்லை. மருந்து எளிதில் ஒட்டாத புதிய பிணைப்பு நொதி ஒன்றை வேறெங்கிருந்தோ வாங்கி வைத்திருந்தது. வான்கோமைசினை எதிர்க்கும் என்டரோகாக்கஸ் இன்னும் நுட்பமான வேலை செய்கிறது. நுனியிலுள்ள டி-அலனினை எடுத்துவிட்டு அங்கே டி-லாக்டேட்டை வைக்கிறது. மாறுவது மிகச் சிறிய பகுதி. மருந்தின் பிடியோ சுமார் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடுகிறது.

மூன்றாவது, கிராம் நெகட்டிவ்களின் வெளிச்சவ்விலுள்ள போரின் என்னும் துளைகளைக் குறைத்து மருந்தை உள்ளே விடாமலிருப்பது. நான்காவது, உள்ளே வந்த மருந்தை இறைத்து வெளியே தள்ளுவது. ஒரே பாக்டீரியா இவற்றில் பலவற்றைச் சேர்த்துச் செய்யும்போது மருத்துவருக்கு மருந்தே மிஞ்சாத நிலை வருகிறது.

மண்ணிலிருந்து மருத்துவமனைக்கு

முதல் மழையில் கரிசல் நிலத்திலிருந்து கிளம்பும் மண்வாசனைக்குப் பெருங்காரணம் ஜியோஸ்மின் என்னும் பொருள். அதை உண்டாக்குபவற்றில் முக்கியமானவை ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் மண் பாக்டீரியாக்கள். பீட்டா லாக்டமேஸை முடக்கும் கிளாவுலானிக் அமிலமும், மெரோபெனம் போன்ற கார்பபெனம் மருந்துகளுக்கு முன்னோடியான தியெனமைசினும் இந்த இனத்திலிருந்தே 1970களில் கிடைத்தன. பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் பெரம்பலூர் மண்ணிலும் இந்த இனம் வாழ்கிறது. மருந்தைச் சுரப்பவையும் அதைத் தாங்கப் பழகியவையும் ஒரே பிடி மண்ணில் யுகங்களாகக் குடியிருக்கின்றன.

இதற்குச் சான்று கனடாவின் யூகான் பகுதியிலிருந்து வந்தது. அங்கே 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணை எடுத்து ஆராய்ந்தவர்கள், பீட்டா லாக்டம், வான்கோமைசின் இரண்டையும் எதிர்க்கும் மரபணுக்கள் அதில் இருப்பதை 2011இல் அறிவித்தார்கள். அந்த மண் உறைந்தபோது மருந்துக்கடை ஏது, மருத்துவர் ஏது?

பிறகு நம் பங்கு என்ன? இடம் பெயர்த்தது. நீரிலும் மண்ணிலும் வாழும் குளுய்வெரா என்ற பாக்டீரியாவின் குரோமோசோமில் இருந்த ஒரு மரபணு, செல்லிலிருந்து செல்லுக்குத் தாவக்கூடிய பிளாஸ்மிட் வளையத்தில் ஏறி ஈ. கோலையிடம் வந்து சேர்ந்தது. அப்படிப் பிறந்த சிடிஎக்ஸ்-எம் நொதிகள் செஃப்ட்ரையாக்ஸோன் போன்ற மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் மருந்துகளை உடைப்பவை. அவற்றில் இன்று உலகெங்கும் பரவியிருக்கும் சிடிஎக்ஸ்-எம்-15 முதலில் கண்டறியப்பட்டது, புது டெல்லியில் 1999இல் சேகரித்த மாதிரிகளில். ஆண்டிபயாட்டிக் இல்லாத இடத்தில் அந்தப் பிளாஸ்மிட் பாக்டீரியாவுக்கு வெறும் சுமையாக இருந்திருக்கலாம். சளிக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் ஆண்டிபயாட்டிக் விழுங்கப்படும் ஒவ்வொரு முறையும், குடலில் வாழும் பல லட்சம் கோடி பாக்டீரியாக்களில் அதை வைத்திருப்பவை கூடுதலாகப் பிழைக்கின்றன.

அடுத்த கட்டத்தில் சென்னையின் பெயர் வருகிறது. கடைசிப் புகலிடமான கார்பபெனம்களையும் உடைக்கும் என்.டி.எம்-1 நொதி, இந்தியாவில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒருவரிடம் 2008இல் கண்டறியப்பட்டது. 2010இல் லான்செட் தொற்றுநோய் இதழில் ஒரு கட்டுரை வெளியானது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 மாதிரிகளில் அந்த நொதி இருப்பதை அக்கட்டுரை காட்டியது. நொதியின் பெயரில் என்.டி. என்று நியூ டெல்லியை வைத்தது சரியா என்ற சண்டையிலேயே நாட்டின் கவனம் அப்போது போய்விட்டது. அடுத்த ஆண்டு புது டெல்லியில் எடுத்த 50 குழாய்நீர் மாதிரிகளில் 2இலும், 171 தேங்குநீர் மாதிரிகளில் 51இலும் அந்த நொதிக்கான மரபணு கண்டறியப்பட்டது. மருத்துவமனை வாசலைத் தாண்டாதவர்களையும் இந்த விஷயம் தொடுகிறது என்று காட்டிய ஆய்வு அது.

தமிழ்நாடு செய்தவை

செல்சுவர் மருந்தொன்றின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்குப் பெரிய இடம் உண்டு. காசநோய்க் கிருமியின் சுவருக்கு மேலே மைக்கோலிக் அமிலம் என்னும் மெழுகுப் பூச்சு இருக்கிறது. அதைக் கட்டவிடாமல் தடுப்பது ஐசோநயசிட். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நெரிசலான ஏழை வீடுகளில் வைத்தே ஐசோநயசிட்டும் பாஸ் மருந்தும் கொடுத்து, சானடோரியத்தில் வைத்துப் பார்ப்பதற்கு ஏறக்குறைய ஈடான பலனைக் காட்டியது. உலகம் முழுவதும் காசநோயாளிகள் வீட்டிலிருந்தே சிகிச்சை பெறுவதற்கு வழி திறந்தது அந்த ஆய்வு. ஐசோநயசிட்டை மட்டும் தனியே கொடுத்தால் பலன் குறைகிறது என்பதையும் அதே மையம் ஒப்பிட்டுக் காட்டியது. 2014–16 தேசியக் கணக்கெடுப்பில், புதிய காசநோயாளிகளில் சுமார் 11 சதவீதத்தினரிடமும், முன்பே சிகிச்சை எடுத்தவர்களில் சுமார் 25 சதவீதத்தினரிடமும் ஐசோநயசிட்டுக்கு எதிர்ப்பு இருந்தது. கல்குவாரிகளும் கிரஷர்களும் உள்ள இந்த மாவட்டங்களில் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். சிலிக்கா தூசி படிந்த நுரையீரலைக் காசநோய் எளிதில் பிடிக்கும்.

2012 ஆகஸ்டில் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, ஆண்டிபயாட்டிக் எதிர்ப்பைச் சமாளிக்க ஒரு செயல்திட்டம் வகுத்தன. மருத்துவர் அப்துல் கஃபூர் ஒருங்கிணைத்த அதற்குச் சென்னைப் பிரகடனம் என்று பெயர். 2014 மார்ச்சில் ஹெச்1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது. மூன்றாம், நான்காம் தலைமுறை செஃபலோஸ்போரின்கள், கார்பபெனம்கள், காசநோய் மருந்துகள் இவற்றை விற்கும்போது நோயாளி பெயர், மருத்துவர் பெயர், அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்கிறது அந்த விதி.

மருந்து கண்டுபிடிப்பிலும் ஒரு சாதனை உண்டு. சென்னையின் ஆர்க்கிட் பார்மா நிறுவனத்தில் பிறந்த என்மெட்டசோபாக்டம், சிடிஎக்ஸ்-எம் போன்ற நொதிகளை முடக்குகிறது. செஃபிபிம் என்ற மருந்தோடு சேர்த்துக் கொடுத்த ஆய்வில், சிக்கலான சிறுநீர்த் தொற்றுள்ளவர்களில் 79.1 சதவீதத்தினருக்கு முழுப் பலன் கிடைத்தது. ஒப்பிட்ட பழைய மருந்தில் 58.9 சதவீதம். 2024 பிப்ரவரியில் அமெரிக்கா இதற்கு அனுமதி தந்தது. ஆனால் என்.டி.எம் நொதியை இதனால் முடக்க இயலாது. அது துத்தநாகத்தைக் கொண்டு இயங்கும் வேறொரு இனம். அதற்கு வேறு மருந்துக்கூட்டு வேண்டும். எந்த நொதி இருக்கிறது என்று அறியாமல் விலை உயர்ந்த புது மருந்தைக் கொடுத்தாலும் அது வீணாகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

ஒரு கண்ணாடித் தட்டு சொல்வது

பாக்டீரியாவிடம் எந்த எதிர்ப்பு இருக்கிறது என்று அறிய வழி இருக்கிறது, அதற்குப் பெரிய செலவும் இல்லை. கல்ச்சர் டெஸ்ட் என்று எழுதிக் கொடுப்பது அதைத்தான். நோயாளியின் சிறுநீரிலிருந்து வளர்த்தெடுத்த பாக்டீரியாவை உப்புநீரில் கலக்கி, பஞ்சுக் குச்சியால் முல்லர்–ஹின்டன் அகார் தட்டு முழுதும் பூசுவார்கள். அதன் மேல் 6 மில்லிமீட்டர் அகலமுள்ள மருந்துக் காகித வில்லைகளை இடைவெளி விட்டு வைத்து, 35 டிகிரியில் ஓர் இரவு விடுவார்கள். காலையில் தட்டு முழுக்க வெண்மையாக மூடியிருக்கும். மருந்து வேலை செய்த வில்லையைச் சுற்றி மட்டும் தெளிவான வட்டம். அளவுகோலை வைத்து வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, வரையறுத்த அட்டவணையோடு ஒப்பிட்டால், எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று தெரிந்துவிடும்.

அதே தட்டில் எதிர்ப்பின் வகையையும் பார்க்கலாம். கிளாவுலானிக் அமிலமுள்ள வில்லையை நடுவில் வைத்து, அருகே செஃபலோஸ்போரின் வில்லை ஒன்றை வைக்கிறார்கள். செஃபலோஸ்போரினின் வட்டம் மற்ற பக்கங்களில் சுருங்கி, நடு வில்லையின் பக்கம் மட்டும் புடைத்து நின்றால், அந்த பாக்டீரியா பீட்டா லாக்டமேஸைச் சுரக்கிறது, கிளாவுலானிக் அமிலம் எட்டிய இடத்தில் அந்த நொதி முடங்கியிருக்கிறது என்று பொருள். பாடப்புத்தகத்தில் படிக்கும் மூலக்கூறுச் சண்டை வெறும் கண்ணுக்குத் தெரியும் இடம் அது. மாணவர்களை ஒரு முறையாவது அருகிலுள்ள ஆய்வகத்துக்கு அழைத்துப் போய் இதைக் காட்ட வேண்டும்.

இரு மாவட்டங்களுக்கு ஒரு தாள்

அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. பெரம்பலூரில் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. சிறுவாச்சூரில் தனியார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மருத்துவக் கல்லூரி என்றால் நுண்ணுயிரியல் துறை உண்டு. கல்ச்சர் தட்டுகளும் உண்டு. அந்தத் தட்டுகள் சொல்வதையெல்லாம் ஓராண்டுக்குத் தொகுத்தால் கிடைப்பது ஆன்டிபயோகிராம்: எந்த பாக்டீரியாவுக்கு எந்த மருந்து நூற்றுக்கு எத்தனை பேரிடம் கேட்கிறது என்ற பட்டியல். அண்டை மாநிலமான கேரளம் மாநில அளவில் இப்படி ஒன்றைத் தொகுத்து வெளியிடுகிறது.

நம் இரு மாவட்டங்களுக்கும் இப்படி ஒரு தாள் வேண்டும். இரண்டும் சேர்ந்து ஏன் செய்ய வேண்டும்? ஒரு வகை பாக்டீரியாவைப் பற்றி நம்பகமான சதவீதம் சொல்லக் குறைந்தது 30 நோயாளிகளின் மாதிரிகள் வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விதி. சிறிய மாவட்டத்தில் ஒரு மருத்துவமனை மட்டும் தொகுத்தால் சில வகைகளுக்கு அந்த எண்ணிக்கை தேறாமல் போகலாம். 2007 வரை ஒரே மாவட்டமாக இருந்த, ஒரே சந்தையும் ஒரே பேருந்துத் தடமுமாக வாழும் பகுதிகள் இவை. பாக்டீரியாவும் எல்லைக்கல்லைப் பார்த்துத் திரும்பிப் போவதில்லை.

அந்தத் தாளில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. சிறுநீர், இரத்தம், சீழ் என்று மூன்று பகுதி. வார்டு நோயாளிக்குத் தனியாக, வெளிநோயாளிக்குத் தனியாக ஒரு வரிசை. ஒரு நோயாளியின் முதல் மாதிரி மட்டுமே கணக்கில். அது வேப்பந்தட்டையிலிருந்து ஜெயங்கொண்டம் வரை ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் தனியார் கிளினிக்குக்கும் ஆண்டுதோறும் போய்ச் சேர வேண்டும். கடும் தொற்றோடு வருபவருக்கு முதல் ஊசிக்கு முன்பே இரத்தமோ சிறுநீரோ எடுத்துவைக்கும் வழக்கம் வந்தால்தான் அந்தத் தாள் உண்மை பேசும்.

கோழிகளுக்கும் ஆண்டிபயாட்டிக் கொடுப்பதுண்டு என்பதால் கோழிப் பண்ணைகளையும் இதில் சேர்க்க வேண்டும். இப்பகுதியின் மக்காச்சோளம் கோழித் தீவனத்துக்குத்தான் பெருமளவு போகிறது. கிராம் நெகட்டிவ்களின் வெளிச்சவ்வைச் சிதைக்கும் கடைசி மருந்தான கொலிஸ்டினை உணவுக்கு வளர்க்கும் கால்நடை, கோழி, மீன்களுக்குத் தர மத்திய அரசு 2019 ஜூலையில் தடை விதித்தது. கால்நடைத் துறையின் பரிசோதனை முடிவுகளும் அதே தாளில் ஒரு பத்தியாக இடம்பெறலாம்.

பொதுமக்கள் செய்யக்கூடியவை தெளிவானவை. மருத்துவர் சீட்டு இல்லாமல் ஆண்டிபயாட்டிக் வாங்காதிருப்பது. பக்கத்து வீட்டில் மீந்த மாத்திரையை விழுங்காதிருப்பது. சொன்ன அளவில், சொன்ன நாள் வரை சாப்பிடுவது, காசநோய்க்கு மாதக்கணக்கில் ஒரு வேளையும் விடாமல் சாப்பிடுவது. 2021 முதல் அரசு இலவசமாகப் போடும் நிமோகாக்கல் தடுப்பூசியைக் குழந்தைக்குத் தவறாமல் போடுவது. தடுப்பூசி தடுத்த நிமோனியாவுக்கு ஆண்டிபயாட்டிக்கே தேவைப்படாது.

இந்த அவையில் நுண்ணுயிரியல் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மருந்தாளுநர்களும் செவிலியர்களும் இருக்கிறார்கள். வரும் ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை இரு மாவட்டங்களின் கல்ச்சர் முடிவுகளை ஒரே படிவத்தில் பதியத் தொடங்கினால், அதற்கு அடுத்த ஆண்டு இதே அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு முன்பு முதல் தாள் அச்சாகிவிடும். அதற்கான படிவத்தை வடிவமைக்கும் கூட்டத்தை இந்த மாதமே கூட்ட வேண்டும் என்பது இந்தச் சொற்பொழிவின் கோரிக்கை.